பெங்களூருக்குப் போய் வந்த பெட்டி

எங்கள் வீட்டுப் பீரோ மேல் ஒரு பெட்டி இருக்கிறது. நெல் அளக்கிற மரக்கால் தெரியுமே, அதைக் கொஞ்சம் நசுக்கிச் சதுரமாக்கினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். கறுப்பு அலுமினியத் தகடு, பக்கமெல்லாம் வலைபோல ஓட்டை. அது கம்ப்யூட்டர். பெரிய பெரிய விளையாட்டெல்லாம் ஓடுகிற கம்ப்யூட்டர். பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு போகிற மாதிரி என் மகள் தன் கையால் செய்தது. உள்ளே தண்ணீர் ஓடி அதன் சூட்டை ஆற்றும். ஆற்றும் என்று பழக்கத்தில் சொல்கிறேன். இப்போது அதில் தண்ணீர் இல்லை. நான் துணியால் தூசி தட்டுகிறேன், அவ்வளவுதான்.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். பஸ் போர்டு படிப்பேன், ரேஷன் கடைப் பலகை படிப்பேன். அதற்கு மேல் படிப்பு கிடையாது. ஆனால் என் கண் முன்னால் நடந்ததை எனக்கு இன்னொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. மெதுவாக எழுதினாலும் சரியாக எழுதுவேன்.

பிறந்தது கல்வராயன் மலைமேல். சாமைக் கொல்லையில் வளர்ந்தேன். கட்டிக்கொடுத்துக் கீழே கள்ளக்குறிச்சிக்கு வந்தபிறகு கரும்பு வெட்டினேன், நடவு நட்டேன். வீட்டுக்காரர் எனக்கு முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகும் யாரிடமும் கை நீட்டி நின்றதில்லை. பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் மலைக்கு ஜீப் ஓட்டினான். சின்னவள் எனக்கு வயசான காலத்தில் பிறந்தவள், கம்ப்யூட்டர் படித்து டவுனில் ஒரு ரிப்பேர் கடையில் வேலை பார்த்தாள்.

கள்ளச்சாராயத்தில் எங்கள் தெருவே சுடுகாடான அந்த வருசம் என் மகனும் குடித்தான். ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் போனார், எதிர்க்கட்டிலில் கிடந்தவர் போனார். இவன் பிழைத்தான். கண்தான் போனது. வெயிலில் நின்றால் வெளிச்சம் இருக்கிற பக்கம் தெரியும், அவ்வளவு. ஜீப்பை விற்றோம். அவன் பெண்டாட்டி களமருதூருக்குத் தாய் வீட்டோடு போய்விட்டாள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவன் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டான். சோறு போட்டால் சாப்பிடுவான். பேச்சு நின்றுபோனது. தெருவில் ஏதாவது ஜீப் போனால் மட்டும் தலையைத் தூக்குவான். சத்தத்தை வைத்து, "கிளச்சு போயிடுச்சி அதுக்கு" என்பான். திரும்பப் படுத்துக்கொள்வான்.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடை சாத்தின பிறகும் அவள் அங்கேயே உட்கார்ந்து விளையாடுவாள் என்று ஆரம்பத்தில் எனக்குக் கோபம்தான். ஐந்து பேர் இந்தப் பக்கம், ஐந்து பேர் அந்தப் பக்கம், துப்பாக்கியால் சுட்டுக்கொள்கிற விளையாட்டு. சின்னப் பிள்ளைகள் செய்கிற வேலை என்று நினைத்தேன். அது பிழைப்பும்கூட என்று பிறகுதான் தெரிந்தது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் நெட்டில் அவளோடு விளையாடினார்கள். பெங்களூரில் சம்பளத்துக்கு ஆள் வைத்து விளையாட வைக்கிற ஒரு கூட்டம் அவள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டது. நேரில் வந்து ஆடிக் காட்டு, பிடித்திருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். தங்க இடம், மாசச் சம்பளம் எல்லாம் உண்டு. இரண்டு சட்டம் வைத்தார்கள். அவரவர் மெஷினை அவரவர்தான் கொண்டுவர வேண்டும். வயசுக்கு ஒரு வரம்பு, அது அவளுக்கு அந்த வருசத்தோடு முடிகிறது.

இல்லாவிட்டால் திருப்பூர். பக்கத்து வீட்டுக்காரியின் தம்பி பனியன் கம்பெனிக்கு ஆள் சேர்க்கிறவன். எங்கள் வாசலுக்கு வந்து வந்து போய்க்கொண்டிருந்தான். ரிப்பேர் கடைச் சம்பளத்தில் மூன்று பேர் சாப்பிட முடியாது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"தை வரைக்கும் உடுங்கண்ணா," என்று அவனிடம் சொன்னாள். "அதுக்குள்ள பெங்களூரு ஆவலன்னா நானே வந்து வண்டி ஏறுறேன்."

"பொட்டிய தட்டிக்கினு பெங்களூரு போறியா? நல்லா போ," என்று சிரித்துவிட்டுப் போனான்.

கடையில் இருக்கிற மெஷின் கடைக்காரருடையது. அது ஆட்டுக்குட்டி உயரம், தூக்கிக்கொண்டு பஸ் ஏறவும் முடியாது. அதனால் தானே ஒன்று செய்வது என்று முடிவு செய்தாள். ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்ப வாங்காமல் போன சாமான், சென்னையில் பழசு விற்கிற தெருவிலிருந்து வரவழைத்த சாமான், சம்பளத்துக்குப் பதிலாகக் கடையில் வாங்கிக்கொண்ட சாமான் என்று ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்தது. ஜன்னல் அடிக்கிற பட்டறையில் தகடு வெட்டி வாங்கினாள்.

"எம்மாடி, இத்தினி சின்ன பொட்டில அத்தினியும் எப்டி அடையும்?" என்று கேட்டேன்.

"அடையும்மா. சூடுதான் ஜாஸ்தி ஆவும். பெரிய பொட்டின்னா ஃபேன் போட்டு காத்துல ஆத்திடலாம். இதுல காத்து போவ எடம் இல்ல. அதான் தண்ணி."

எங்கள் வீட்டுக்கு ஆஸ்பெட்டாஸ் கூரை. சூட்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் கரண்டில் ஓடுகிற பெட்டிக்குள் தண்ணீர் விடுவது எனக்குப் புத்தியில் ஏறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தரையில் சாக்கை விரித்துச் சாமான்களைப் பரப்பிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒன்று கை தவறிக் கட்டில் காலில் போய் மோதியது. மகன் கையை நீட்டி அதை எடுத்தான். விரலால் தடவினான். ஒரு புத்தகம் அளவு தகடு, நடுவில் மெல்லிய மடிப்பு மடிப்பாக.

"இன்னாடி இது?"

"ரேடியேட்டருண்ணா."

"இது ரேடியேட்டரா?" திருப்பித் திருப்பித் தடவினான். "அட ஆமா. தண்ணி வர வழி, போற வழி. இன்னாடி செய்ற நீ, குட்டி ஜீப்பா?"

பல மாசத்துக்குப் பிறகு அவன் கேட்ட முதல் கேள்வி அது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் ஒவ்வொன்றாக அவன் கையில் கொடுத்துச் சொன்னாள். இது பம்பு, தண்ணியத் தள்ளும். இது ஹோஸ். இது செம்புக் கட்டை, மெஷினோட மூளை மேல உக்காரும், சூட்ட உறிஞ்சித் தண்ணிக்குக் குடுக்கும். இது தண்ணி ஊத்துற தொட்டி, இதான் மூடி. அவன் கட்டிலிலிருந்து இறங்கிச் சாக்கில் உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் படுக்கவில்லை.

"இன்னா தண்ணி ஊத்துவ?" என்றான்.

"நம்ம மலத் தண்ணி கொண்டாந்து ஊத்துடி," என்றேன் நான். "ஓடத் தண்ணி. கண்ணாடி மாதிரி இருக்கும்."

"ஊத்து. நாலு நாள்ல பாசி புடிச்சி மீன் குஞ்சு வுடலாம்," என்றாள் மகள்.

"பேட்டரி தண்ணி," என்றான் மகன் கண்டிப்பாக. "உப்பு இல்லாத தண்ணி. வேற எதுவும் ஆவாது. நானே போய் வாங்கியாறேன்."

என் தோளைப் பிடித்துக்கொண்டு பேட்டரி கடைக்கு நடந்து வந்தான். வழியில் போகிற வருகிற வண்டியெல்லாம் இன்ன வண்டி என்று சொல்லிக்கொண்டே வந்தான். கடைக்காரர், "இன்னாப்பா, திரும்ப ஜீப்பு வாங்கிட்டியா?" என்று கேட்டார். "ஆமா, சின்னதா ஒன்னு," என்றான்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. அவள் வேலை முடித்து வந்ததும் இரண்டு பேரும் சாக்கில் உட்கார்ந்துகொள்வார்கள். ஹோஸ் வெட்டுவது, மாட்டுவது எல்லாம் அவன் விரல்தான். கண் இருக்கிற எனக்கே தெரியாத சந்துக்குள் அவன் விரல் போய் வந்தது. தண்ணீர் நிரப்புவதையும் அவனுக்கே விட்டாள். ஊசி போடுகிற சிரிஞ்சில் பேட்டரி தண்ணீரை எடுத்து, மூடியை விரலால் தேடித் திறந்து, சொட்டுச் சொட்டாக விடுவான்.

அப்போதுதான் மலைக்கதை சொன்னான். "கரியாலூருக்கு மேல வளைவுல ஒருதடவ ரேடியேட்டர் ஓட்ட வுட்டுக்கினு நின்னுடுச்சி. ஆவி கக்குது. வண்டி முழுக்க சந்தைக்குப் போய் வர்ற ஜனம், மழ வேற தூறுது. ஒரு மலைக்காரம்மா பையில மஞ்சத்தூள் பொட்டலம் இருந்திச்சி. குடும்மான்னு வாங்கி ஒரு கை அள்ளி ரேடியேட்டர்ல போட்டு தண்ணிய ஊத்தினேன். ஓட்டைல போயி அப்பிக்கும் அது. வெள்ளிமலை வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல தெரியுமா?"

"அப்ப கேரட்டு, முருங்கக்கா ரெண்டு போட்டிருந்தா வெள்ளிமலைல எறங்கி சாம்பார் ஊத்தி சாப்ட்டிருக்கலாம்," என்றாள் மகள்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, உங்க வூட்ல சிரிப்பு சத்தம் கேக்குது?" என்றாள். அந்தக் கேள்வியில் இருந்த குத்தல் எனக்குப் புரிந்தது. எங்கள் தெருவில் யார் வீட்டிலும் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது.

ஜீப்பை விற்றபோது சீட்டு உறை ஒன்று மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. நல்ல ரெக்சின், கிழியாதது. அதை வெட்டி, உள்ளே பழைய போர்வையை மடித்து வைத்து, பெட்டிக்கு ஒரு பை தைத்தேன். சாக்குத் தைக்கிற கோணி ஊசியால் கையால் தைத்தது. பெங்களூரில் அந்தப் பையைப் பார்த்து ஒரு பெண் எங்கே வாங்கினது என்று கேட்டாள், மகள்தான் எனக்கு அர்த்தம் சொன்னாள். நான் தைத்தது என்று சொன்னேன். அவளுக்குத் தமிழ் புரியவில்லை, பரவாயில்லை.

மெஷினை முதலில் ஓட்டின அன்றைக்கு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் கீழே வெள்ளைக் காகிதம் வைத்தாள். நனைந்தால் தெரியும் என்று. எல்லாக் காகிதமும் காய்ந்தே இருந்தன. விளையாட்டு ஓடியது. நான் பெட்டிமேல் கை வைத்துப் பார்த்தேன். தூங்குகிற ஆட்டின் வயிறு மாதிரி இளஞ்சூடு, உள்ளே லேசாக ஒரு துடிப்பு. கடையிலிருந்து கொண்டுவந்திருந்த திரையின் நீல வெளிச்சம் அவள் முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது. இவள் போய்விடுவாள், நிச்சயமாகப் போய்விடுவாள் என்று அன்றைக்கு நினைத்தேன். சந்தோஷமாகவும் இருந்தது, வீடு அப்போதே காலியான மாதிரியும் இருந்தது.

பெங்களூர் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் சொட்ட ஆரம்பித்தது. நன்றாகச் சூடேறினால் மட்டும் ஒரு முனையில் காகிதம் நனைந்தது. அவள் கழற்றினாள், மாட்டினாள், முறுக்கினாள். திரும்ப நனைந்தது. உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் வீங்கிவிட்டது என்றாள். மாற்று வளையம் இங்கே எந்தக் கடையிலும் இல்லை. முன்னாலேயே ஒன்று சொல்லி வைத்திருந்தாள், கொரியரில் வந்துகொண்டிருந்தது. மறுநாள் காலையில் கொரியர் ஆபீஸ் வாசலிலேயே போய் நிற்கிறேன் என்று கிளம்பினாள். மத்தியானம் பஸ்.

"சொட்டு கரண்டுல பட்டா இன்னா ஆவும்?" என்று மகன் அவளைக் கேட்டான்.

"எல்லாம் போயிடும்ணா. எரிஞ்சிடும்," என்றாள். முகம் வெளுத்திருந்தது.

அவள் அப்படிப் போனாள். தெருக்குழாயில் தண்ணீர் விட்டார்கள் என்று நான் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். வரிசை நீளம். திரும்பி வந்தபோது மகன் சாக்கில் பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் இருந்த காகிதத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அடுப்படியில் மஞ்சள் டப்பாவின் மூடி சாய்வாகக் கிடந்தது. எலி தட்டிவிட்டது என்று நினைத்து மூடி வைத்தேன்.

மகள் வெறுங்கையோடு வந்தாள். கொரியர் வரவில்லை. வாசற்படியில் நின்றே அழ ஆரம்பித்தாள்.

"அழுவாத, உள்ள வா," என்றான் அவன். "தொட்டுப் பாரு."

அவள் காகிதத்தைத் தொட்டாள். காய்ந்திருந்தது. விளையாட்டைப் போட்டுச் சூடேற்றினாள். காய்ந்தே இருந்தது.

"எப்டிண்ணா?"

"டிரைவர் வேல. உனக்கு எதுக்கு அது? நின்னுடுச்சில்ல?"

"நின்னுடுச்சி."

"அப்ப கெளம்பு. பஸ்ஸு போயிடும்."

அவள் குனிந்து அவன் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அவன் கையை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தான். கண் போன பிறகு அவன் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. அவனுக்கு இரண்டு நாளைக்குக் கட்டுச்சோறு வைத்து, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, நானும் அவளோடு கிளம்பினேன். கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக அனுப்புகிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

சேலம் போகிற பஸ்ஸில் பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் வந்தார். "இன்னாம்மா அது, குக்கரா? லக்கேஜ் போடணும்."

"குக்கர் இல்லீங்க, கம்ப்யூட்டர்," என்றேன்.

"கம்ப்யூட்டரா? சோறு ஆக்கினா எனக்கும் ஒரு உருண்ட குடுங்க," என்று சொல்லிவிட்டு டிக்கெட் போடாமல் போனார். மகள் சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவள் சிரித்தது அந்த ஒருமுறைதான், அதனால் ஞாபகம் இருக்கிறது.

பெங்களூரில் அது ஒரு பெரிய மண்டபம். கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது, ஆனால் ஜன்னல் எல்லாம் மூடி இருட்டாக்கி வைத்திருந்தார்கள். நீள நீளமாக மேஜை, அதன்மேல் வரிசையாக அவர்கள் வைத்த திரை. ஒவ்வொருவர் முன்னாலும் கலர் கலராக விளக்கெரிகிற மெஷின். எங்கள் பெட்டிதான் அதில் சின்னது, அதற்கு விளக்கே இல்லை. பொம்பளைப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர்தான். என்னைப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மகள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்தாள். எனக்கு அவள் பின்கழுத்து மட்டும்தான் தெரிந்தது.

முதல் ஆட்டம் ஓடும்போது அவள் பின்னால் ஆள் சேர ஆரம்பித்தது. ஒருவர் நின்றார், பிறகு நாலைந்து பேர் நின்றார்கள். கழுத்தில் அட்டை மாட்டின ஓசூர்க்காரர் ஒருவர் என் பக்கத்தில் வந்து, "உங்க பொண்ணாம்மா? பின்னிட்டாங்க. இன்னும் ஒரு ஆட்டம் இப்படியே ஆடினா எடுத்துடுவாங்க," என்றார். எனக்கு என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. இருந்திருந்தால் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்க மாட்டார், நின்றுகொண்டேதான் பார்த்திருப்பார்.

இரண்டாவது ஆட்டம் நடுவில் அவள் திரை கறுத்தது.

அவள் பட்டனை அழுத்தினாள். மெஷின் வந்தது. ஆட்டத்துக்குள் போய்ச் சேருவதற்குள் திரும்பக் கறுத்தது. அவள் குனிந்து கீழே காகிதத்தை உருவிப் பார்த்தாள். பிறகு பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தாள். சட்டென்று எடுத்துவிட்டாள். நான் எழுந்து போய் என் கையை வைத்தேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிகூட அப்படிக் கொதித்ததில்லை. உள்ளே அந்தத் துடிப்பு இல்லை, பம்பு முனகிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆறட்டும் என்று காத்திருந்தாள், போட்டாள், அணைந்தது. அதற்குள் எதிர்ப்பக்கத்துக்காரர்கள் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். இன்னொருவர் மெஷினில் ஆடலாமா என்று அவள் கேட்டாள். சட்டம் இல்லை என்றார்கள். ஓசூர்க்காரர் என்னிடம் வந்து, "அடுத்த வருஷம் வாங்கம்மா," என்றார். அடுத்த வருசம் அவளுக்கு வயசு தாண்டிவிடும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்கும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பெட்டியை அவளே மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. ஓசூர் தாண்டின பிறகு அவளாகச் சொன்னாள். "தண்ணி ஒழுகலம்மா. ஒரு சொட்டு ஒழுகல. பின்ன ஏன் சூடாச்சின்னு தெரில."

வீட்டுக்குள் நுழைந்ததும் மகன் எழுந்து நின்றான். எங்கள் காலடிச் சத்தத்தை எவ்வளவு நேரமாக எதிர்பார்த்திருந்தானோ.

"வண்டி எப்டி ஓடிச்சி?"

"நின்னுடுச்சிண்ணா. ரெண்டாவது ஆட்டத்துல."

"ஒழுகிச்சா?"

"இல்லண்ணா, ஒழுகவே இல்ல."

"நான் சொன்னேன் பாத்தியா?" என்றான். குரலில் ஒரு தெம்பு. பிறகு நிதானித்து, "அப்ப வேற ஏதோ," என்றான். அவளை எப்படித் தேற்றுவது என்று தெரியாமல், "சாமான் பழசு இல்ல? ஏமாத்தி குடுத்திருப்பானுங்க," என்றான்.

அவள் படுத்துவிட்டாள். மறுநாள் காலையில் எழுந்து, முகம்கூடக் கழுவாமல், சாக்கை விரித்துப் பெட்டியைத் திறந்தாள். அவன் வழக்கம்போல எதிரில் வந்து உட்கார்ந்தான். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஹோஸைக் கழற்றித் தண்ணீரைக் கிண்ணத்தில் வடித்தாள். செம்புக் கட்டையின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மூடி ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தி முனையால் நெம்பினாள். திறந்தது.

வெந்த மஞ்சளின் வாசனை வீடு முழுக்க எழும்பியது.

கட்டையின் உள்ளே சீப்புப் பல்லைவிட மெல்லிசாகச் செம்பில் கோடு கோடாக வழி இருக்கும். அது முழுக்கக் களிம்பு மாதிரி அப்பிக்கிடந்தது. கிண்ணத்துத் தண்ணீரும் மஞ்சளாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் பார்க்க வேண்டியிருந்தது. அவனுக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மூக்கு இருந்தது.

நான் வாய் திறக்கப் போனேன். அவள் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

அவன்தான் பேசினான். "ஒரு ஸ்பூன்தான் போட்டேன். ஜீப்புக்கு ஒரு கை போடுவேன். இது குட்டி வண்டின்னு ஒரு ஸ்பூன்தான் போட்டேன்."

"ஜீப்பு கொழா பெருசுண்ணா," என்றாள் அவள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இதுக்குள்ள வழி முடி கனத்துல இருக்குது."

"அத நீ சொல்லலியே."

"நீயும் சொல்லலியேண்ணா."

அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து கட்டிலுக்குப் போனான். அவள் கிண்ணத்துத் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினாள். அந்த வாரமே திருப்பூர்க்காரனுக்குச் சொல்லி அனுப்பினாள். தை வரைக்கும் காத்திருக்கவில்லை.

கிளம்புகிறபோது கட்டிலருகில் போய் நின்று, "வரேண்ணா," என்றாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பி, "உம்," என்றான். அவள் இன்னும் கொஞ்சம் நின்றாள். அவன் கை தலையணைக்கு அடியில் இருந்தது. அவளும் அதைத் தேடி எடுக்கவில்லை. அவள்மேல் தப்பு சொல்ல மாட்டேன். அவன்மேலும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடத்தில் இரண்டு பேரில் யாராவது ஒருத்தர் ஏதாவது செய்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

அவள் போன பிறகு ஒருநாள் அவன் செம்புக் கட்டையைக் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். பழைய பல் விளக்குகிற பிரஷ், ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டான். சாக்கில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தான். தேய்த்துத் தேய்த்து மூக்கருகில் கொண்டுபோவான், திரும்பத் தேய்ப்பான். செம்பு பளபளவென்று வந்துவிட்டது, போதும்டா என்றேன். "வாசன போவல," என்றான். எனக்கு எந்த வாசனையும் வரவில்லை. பல நாள் அப்படித் தேய்த்துவிட்டு, பிறகு தானே அதைப் பெட்டிக்குள் பொருத்தித் திருகாணி முறுக்கினான். தண்ணீர் விடவில்லை. பீரோ மேல் வைக்கச் சொன்னான். போனில் அவளிடம் சொன்னேன். "இருக்கட்டும்மா," என்றாள். பின்னால் பனியன் மெஷின்களின் சத்தம் கேட்டது. பேச்சு சரியாகக் காதில் விழவில்லை.

நான் குழம்பில் மஞ்சள் போடுவதை நிறுத்தினேன். யாரும் சொல்லி இல்லை. அந்த டப்பாவைத் திறந்தாலே அவன் தலை திரும்பும் என்று தெரியும். புருசன் போனபோது முகத்துக்கு மஞ்சள் பூசுவதை விட்டேன், அது ஊர் வழக்கம். சமையலில் விட்டது இந்தத் தடவைதான். மீன் குழம்பு வெளுத்துக் கிடந்தது, எழவு வீட்டுக் கஞ்சி மாதிரி. அவன் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டான்.

பொங்கலுக்கு அவள் வரவில்லை. லீவு இல்லையாம். எல்லோர் வீட்டுப் பானையிலும் மஞ்சள் கொத்து கட்டியிருந்தது. எங்கள் பானை வெறுமனே பொங்கியது. அன்றைக்கு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவன் தட்டைத் தொடாமல், "எம்மா, மஞ்ச போட்டு ஆக்கு," என்றான். "கண்ணுதான் போச்சி எனக்கு. நாக்கு போவல."

மறுநாள் போட்டேன். அவன் குனிந்து முகர்ந்தான். பிறகு ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். கொல்லைப்புறம் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான். துண்டில் துடைத்து, விரல்களை மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டான். நகத்தைச் சுற்றி மஞ்சள் அப்படியே இருந்தது. சோப்புக்கெல்லாம் அது போகாது. அவனுக்கு அது தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.